முப்பது லிட்டர் நல்ல தண்ணீர்

நம்ப விருப்பமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போது கோகிலன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. போன மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில் நடந்தது.

செமோர் ஊருக்கு அப்பால், பழைய ரப்பர் தோட்டத்தின் புகைக்கூடத்தில்தான் பெர்னார்ட்டின் பட்டறை இருக்கிறது. படகு இஞ்சின்களைப் பழுதுபார்த்து விற்பார்கள். அன்று பெர்னார்ட் லுமுட் துறைமுகத்துக்குப் போயிருந்தார். அவரிடம் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் கோகிலன் தனியாக இருந்தான். குழாயில் தண்ணீர் இல்லை. ஒரே ஒரு நீலப் பீப்பாய் மட்டும் நிறைந்திருந்தது.

மூன்று பத்துக்கு, பழைய இரும்புக்காக உடைத்த படகு ஒன்றிலிருந்து வந்த டீசல் இஞ்சினை ஓடவிட்டான்.

இந்த இஞ்சினுக்கு இரண்டு தண்ணீர். உள்ளே சுற்றுவது நல்ல தண்ணீர். அது சிலிண்டர்களின் சூட்டை வாங்கிக்கொண்டு ஒரு பெட்டிக்கு வரும். அங்கே மெல்லிய குழாய்களில் கடல் தண்ணீர் ஓடும். சூட்டை அதனிடம் விட்டுவிட்டு நல்ல தண்ணீர் மறுபடி உள்ளே போகும். இரண்டும் கலக்கவே கலக்காது. பட்டறையில் கடலுக்குப் பதில் பீப்பாய். உள்ளே ஊற்றிய முப்பது லிட்டர் எப்போதும் முப்பது லிட்டராகவே இருக்கவேண்டும்.

மூன்று இருபத்தைந்துக்கு நல்ல தண்ணீர் நிற்கும் மேல்தொட்டியின் அளவுக்கண்ணாடியைப் பார்த்தான். தண்ணீர் பாதிக்குக் கீழே.

தரை காய்ந்திருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. வெள்ளைப் புகையும் இல்லை. பின் எங்கே போகிறது?

இஞ்சினை நிறுத்தினான். சூடு தணியக் காத்திருந்து, மூன்று ஐம்பதுக்குத் துணி சுற்றி மூடியைத் திறந்தான். உஸ்ஸென்று நீராவி வெளியே வரவேண்டும். வரவில்லை. உள்பக்கமாக… யாரோ மூச்சிழுத்தார்கள்.

வாளியில் மொண்டு ஊற்றினான்.

குடக்… குடக்… குடக்…

மூன்று மிடறுக்கு ஒரு நிறுத்தம். மூச்சு வாங்குவதுபோல. மறுபடி மூன்று.

பெர்னார்ட்டுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, தண்ணி நிக்கவே மாட்டேங்குது லா. ஊத்த ஊத்த உள்ள போவுது."

"பக்கத்துல யாருடா?"

"யாரும் இல்லண்ணே."

"பின்ன யாரு முனகுறது?"

தொடர்பு அறுந்தது.

கோகிலன் வாசலுக்கு ஓடினான். பின்னால் சத்தம்.

டொக்… டொக்…

இரும்புக்குள்ளிருந்து. பலமில்லாத ஒரு கை தட்டுவதுபோல. நின்றுபோன இஞ்சினின் சூட்டு முள் ஏறிக்கொண்டிருந்தது. அறுபது. எழுபது.

ஓடிப்போயிருக்கலாம். முடியவில்லை என்றான். தண்ணீர் கேட்கிறவரை விட்டு எப்படிப் போவது?

திரும்பி வந்து ஊற்றினான். முள் இறங்கியது. தட்டல் நின்றது. வாளியைக் கீழே வைத்தான். மறுபடி டொக்… டொக்…

நான்கு ஐம்பதுக்குப் பீப்பாய் வறண்டது.

முள் தொண்ணூறு. தட்டல் வேகமானது.

"இல்லயே… தண்ணி இல்லயே," என்று அழுதான்.

சுவரோரம் பச்சை கூலண்ட் கேன் இருந்தது. துரு பிடிக்காமலிருக்க, சோதனை முடிந்தபின் தண்ணீரில் கலப்பது. வேறு ஈரமே அங்கே இல்லை.

அதைக் கவிழ்த்தான்.

குடக்… குடக்…

இருமல்.

பிறகு ஒன்றுமில்லை.

முள் கீழே விழுந்தது. இஞ்சினின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்தான்.

ஒரு சொட்டுகூட வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, படகை உடைத்தவனிடம் பெர்னார்ட் விசாரித்துவிட்டு வந்தார்.

"நடுக்கடல்ல இஞ்சின் நின்னுபோச்சாம். ஒரே ஆளு. எட்டு நாள் மெதந்திருக்கான். குடிதண்ணி தீர்ந்ததும் இஞ்சின் தண்ணியத் தொறந்து குடிச்சிருக்கான். தாகத்துல சாகல, கோகிலா. அதுல கலந்திருந்த கூலண்ட்தான் கொன்னுச்சாம். மறுநாள் காலையிலயே காப்பாத்த போட் வந்திருக்கு."



அன்றைக்குக் கடைசியாக எதை ஊற்றினான் என்று கோகிலன் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.