வினிகரில் நுரைக்காத உப்பு

ஜப்பானில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியின் குழாய் அடைத்துக்கொண்டதற்கு, துப்புரவு வேலை செய்யும் மசுயோதான் காரணம் என்று பழுது பார்க்க வந்த மோரோகா சொன்னான். வாரம் ஒருமுறை வினிகர் ஊற்றியிருந்தால் சுண்ணாம்பு படிந்திருக்காதாம். அவள் ஊற்றாமலே ஊற்றியதாகப் பொய் சொல்கிறாளாம். முதலாளி ஹிசாமோதோ, வேலையாட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

பத்தொன்பது வருடம் அந்தக் குளியல் தொட்டிகளைத் தேய்த்தவள் மசுயோ. ஒரு வாரம்கூட வினிகர் ஊற்றத் தவறியதில்லை. குழாயிலிருந்து சுரண்டிப் போட்டிருந்த வெள்ளைப் படிவத்தில் ஒரு பிடி அள்ளி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மாலைப் பள்ளியில் வேதியியல் படித்த நாளிலிருந்து அவள் வீட்டுச் சமையலறையில் மிசோ என்னும் சோயா விழுது ஜாடிக்குப் பக்கத்தில் சோதனைக் குழாய்களும் இருக்கும். வந்ததும் வராததுமாக ஒரு துண்டின் மேல் வினிகரைச் சொட்டினாள். கல் மாதிரி கிடந்தது. சுண்ணாம்பாக இருந்தால் நுரைத்திருக்கும்.

ஆக, இது ஜிப்சமாகத்தான் இருக்கும், கந்தகம் கலந்த ஊற்று நீர் படிய விடும் உப்பு. தண்ணீரில் லேசில் கரையாது, வினிகருக்கும் மசியாது. வருடக்கணக்காகத் தன்னை வீணாக ஊற்ற வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தபோது கோபம் இரட்டிப்பாயிற்று.

துண்டுகளை மாவாக இடித்து, சலவைச் சோடாக் கரைசலில் இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டாள். தெளிந்த நீரை வடித்துவிட்டுப் புதுச் சோடா போட்டு மறுபடியும் கொதிக்க வைத்தாள். ஜிப்சம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பாக மாறும். சுண்ணாம்பானால் வினிகர் பார்த்துக்கொள்ளும். அடியில் தங்கிய பொடியை ஆறு முறை அலசி, கடைசி அலசல் நீரைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை, முதலாளி, மோரோகா, வேலையாட்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த விடுதிக் கூடத்துக்கே போய் மேசைமேல் எல்லாவற்றையும் வைத்தாள். பழைய துண்டில் வினிகர் விட்டாள்; ஒன்றும் ஆகவில்லை. பொடியில் விட்டாள், பொங்கிக் கரைந்து தண்ணீராயிற்று.

மோரோகா சிரித்தான். "பொடியில சோடா மிச்சம் இருக்கும்மா. அதான் நுரைக்குது."

"அப்படிக் கேப்பீங்கன்னு தெரியும்" என்று அலசல் நீரில் வினிகரை ஊற்றினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. "இது பொடியைக் கடைசியா அலசின தண்ணி. இதுல சோடா எங்கே இருக்கு, காட்டுங்க. உங்களுக்குக் குழாயில என்ன படிஞ்சிருக்குன்னே தெரியல. தெரியாம என்னைப் பொய்க்காரின்னு சொன்னீங்க."

மோரோகா கருவிப் பெட்டியை மூடினான்.

அவள் செய்து காட்டியபடியே குழாயில் சூடான சோடாக் கரைசலை இரண்டு நாள் நிரப்பி வைத்து, அலசி, பிறகு வினிகர் ஊற்றினார்கள். மூன்று முறை அப்படிச் செய்த பிறகுதான் வெந்நீர் பழையபடி பாய்ந்தது. ஹிசாமோதோ இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, "மசுயோ சான், நடந்ததை மறந்துடுங்க" என்றார்.

"மறக்கற விஷயம் இல்ல முதலாளி. நான் பொய் சொல்லலன்னு வேலையாளுங்க எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க. அப்புறம் வரேன்."

சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. மசுயோ வேலைக்குத் திரும்பினாள். இனிப்புப் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். மோரோகா மன்னிப்புக் கேட்கவே இல்லை. கடைவீதியில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். அவன் போகும்வரை அவள் நின்று முறைத்துக்கொண்டிருப்பாள்.