பசை காயும் நேரம்

அந்தப் பட்டறையில் அவரை எல்லாரும் ரயில் என்றுதான் கூப்பிட்டார்கள். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுவது அவர் வேலை. காலையில் கதவு திறந்ததிலிருந்து மாலையில் விளக்கணைக்கும்வரை பின்பக்க இரும்புப் படிக்கட்டிலிருந்து அவருடைய சிகரெட் புகை போய்க்கொண்டே இருக்கும்.

அவர் வேலை நேரத்தைத் திருடினார் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஷூ ஒட்டும் பசைக்குப் பட்டறையில் சொல்யூஷன் என்று பெயர். தோலின் அடியிலும் ரப்பர் அட்டையிலும் தனித்தனியாகத் தடவி, காயவிட்டு, பிறகுதான் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் உள்ளே ஆவி மாட்டிக்கொண்டு பிடிப்பு வராது. அதிகம் காய்ந்துவிட்டாலோ, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சொல்யூஷன் சட்டென்று தீப்பிடிக்கும் சமாச்சாரம் என்பதால் உள்ளே யாரும் சிகரெட் கொளுத்தக் கூடாது. ஒரு தட்டு நிறைய ஷூக்களுக்குத் தடவி முடித்ததும் அவர் பின்படிக்குப் போவார். சிகரெட் முடிந்து திரும்பும்போது பசை பதத்துக்கு வந்திருக்கும். மழை நாளில் பசை காயத் தாமதமாகும். அன்று சிகரெட்டும் நமத்துப்போய் மெதுவாகத்தான் எரியும். சுவர்க் கடிகாரத்துக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவர் ஒட்டிய ஷூ பிய்ந்தது என்று எவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

இடது கால் பெருவிரல் குளிர ஆரம்பித்தபோது அவர் முதலில் சந்தேகப்பட்டது ஷூவைத்தான். முனையை அகலமாக்கித் தனக்கென்று புதிதாக ஒரு ஜோடி செய்துகொண்டார். விரல் நீலம் பாரித்தது. இன்னும் அகலமாக இன்னொரு ஜோடி செய்தார். நுனியில் வந்த புண் ஆறவே இல்லை. வீட்டுக்காரம்மா அவர் சட்டையைப் பிடிக்காத குறையாக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் கணுக்காலில் விரல் வைத்து நாடியைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

"ஷூ மேல தப்பு இல்ல. ரத்தக் குழாய் சுருங்கிப்போயிருக்கு. சிகரெட்டை விட்டா விரல் தங்கும். விடலைன்னா முதல்ல விரல் போகும், அப்புறம் பாதம்."

"குறைச்சுக்கறேன் டாக்டர்."

"குறைக்கற பேச்சே இல்ல. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னாலும் இந்த நோய்க்கு அது போதும். ஒண்ணுகூடக் கூடாது."

மறுநாள் வழக்கம்போல் ஒரு தட்டு தடவி முடித்துவிட்டுப் பின்படிக்குப் போனார். போன பிறகுதான் செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று உறைத்தது. வெறுங்கையோடு கைப்பிடிக் கம்பியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். தையல் பகுதியில் மூத்தவளான மிஷின் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"என்ன ரயிலு, நிலக்கரி தீந்துபோச்சா?"

அவர் உள்ளே வந்து உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். தைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். சிரிப்பு நின்றுபோயிற்று. நாள் முழுக்கக் கால்களுக்கு உழைக்கிறவர்களுக்கு ஒரு காலைப் பார்த்தால் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மிஷின் அக்கா பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தன் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"தடவினதும் இங்க வந்து உக்காரு. கை சும்மா இருந்தா நூல் பிரி. வாய் சும்மா இருந்தா எங்ககிட்டப் பேசு. பேச வரலைன்னா கேளு."

தோல் வெட்டுகிறவர்தான் இத்தனை வருஷமும் பின்படியில் அவருக்குத் துணை. அவர் தன் சிகரெட்டைத் தெருமுனைக்கு மாற்றிக்கொண்டார். "தனியா நின்னு ஊதினா ருசியே இல்லண்ணே. என் பாவம் உங்களைச் சும்மா விடாது" என்று புலம்பினாலும், திரும்பி வரும்போது வாயைக் கொப்பளித்து, சட்டையை உதறிவிட்டுத்தான் மாடி ஏறினார்.

இப்படித்தான் ரயில் கதை கேட்க ஆரம்பித்தார். மிஷின் அக்கா தன் நாத்தனார் கதையைச் சொன்னாள். மூவரில் இளையவளான சின்னவள், டிவி சீரியலை ஒரு காட்சி விடாமல் நடித்தே காட்டினாள். மார்பில் அந்தப் பழைய அரிப்பு கிளம்பும்போது, "அப்புறம்? அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு?" என்று அவரே அவசரப்படுத்துவார். வாரங்கள் ஓடின. புகை வராத ரயில் எந்த ரயில் என்று வெட்டுக்காரர் கேட்க, "கரண்ட் ரயிலு!" என்று மூன்று மிஷின்களிலிருந்தும் பதில் வந்தது.

ஒரே ஒரு சங்கடம். கதைக்கும் பசைக்கும் ஒத்துப்போகவில்லை. நாத்தனார் கதை முடிவதற்குள் பசை செத்துப்போகும். சின்னவள் சீரியல் சீக்கிரமே உச்சத்துக்குப் போய்விடும். அவர் எழுந்து போய் ஈரப் பசையையே அழுத்திவிடுவார்.

ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குப் போக வேண்டிய ஷூக்களை முதலாளி பெட்டியில் அடுக்கும் முன் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். ஒன்று வாயைப் பிளந்தது. பக்கத்தில் இருந்ததும் பிளந்தது. அவர் இளவயதுக்காரர், குரலை உயர்த்தத் தெரியாதவர். வாய் பிளந்த ஷூக்களை ரயிலின் மேஜைமேல் சத்தமில்லாமல் வைத்தார்.

"அண்ணே, நாள் முழுக்க நிக்கறவங்க போடற ஷூ. மறுபடி இப்படி ஆச்சுன்னா அடுத்த ஆர்டர் நமக்கு இல்ல."

"தெரியுது முதலாளி."

"நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஆர்டர் முடியறவரைக்கும்தான். தட்டுக்கு ஒண்ணு. அப்புறம் மறுபடி விட்டுடலாம்." சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டும் லைட்டரும் எடுத்து ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ரயில் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்விரலைவிட அந்தப் பிளந்த வாய்தான் அவருக்கு அதிகமாக வலித்தது. சிகரெட்டை எடுத்தார். தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டு பின்படிக்குப் போனார்.

ஒரு மிஷின் நின்றது. அடுத்தடுத்து மற்றவையும் நின்றன.

மிஷின் அக்கா கதவுநிலையில் வந்து நின்றாள். அவர் திரும்பாமலே கேட்டார்.

"தடுக்க வந்தியாக்கா?"

"நான் எதுக்குத் தடுக்கறேன்? நீ என்ன சின்னப் பிள்ளையா? ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கேளு."

"நாங்க ஜோடி ஜோடியாத் தைச்சே பழகிட்டோம். உனக்கு ஒத்தை ஷூதான் வேணும்னா வலதா இடதான்னு இப்பவே சொல்லிடு. தோல் வீணாகக் கூடாது பாரு."

"அக்கா!" என்று உள்ளிருந்து சின்னவள் பதறினாள்.

ரயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வலது" என்றார் சிரித்துக்கொண்டே. சொன்ன சொல் தன் வாயிலிருந்தே காதில் விழுந்ததும் சிரிப்பு அடங்கியது. கீழே பார்த்தார். அகலமான முனையுள்ள இரண்டு ஷூக்கள் படியின்மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

உள்ளே வந்தார். சிகரெட்டையும் லைட்டரையும் முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது வேணாம் முதலாளி. எனக்கு ஒரு விரல் வேணும்."

"விரலா?"

"சொல்யூஷனை விரலோட புறத்தால தொட்டுப் பாக்கணும். நூல் மாதிரி இழுத்தா ஈரம். இழுக்காம லேசாப் பிடிச்சா அதுதான் பதம். நான் தொழில் பழகினதே அப்படித்தான். அப்புறம் சிகரெட்டே கணக்காயிடுச்சு." கைகளை விரித்துக் காட்டினார். "இப்ப கைவிரலும் மரத்துப்போச்சு. தொட்டா எனக்கு ஒண்ணும் தெரியல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் குத்துமதிப்பா ஒட்டிட்டேன்."

அவர் தட்டை வேறொருவர் தொடுவது அவருக்கு ஆகாது என்பது பட்டறை முழுக்கத் தெரியும். அப்படியும் சின்னவள் முன்னால் வந்தாள்.

"என் விரலை வெச்சுக்கங்கண்ணே. ஓரம் மடிக்கறதுக்கு இதே சொல்யூஷனைத்தானே நாள் முழுக்கத் தடவறேன்? அந்தப் பதம் எனக்குத் தெரியும்."

"விரலை மட்டும் குடும்மா" என்றார் வெட்டுக்காரர். "நீ அங்கயே நின்னு அந்தப் பெட்டி விஷயத்தை முடி. எனக்கு நேத்துலேர்ந்து மண்டை காயுது."

சிரிப்பு வெடித்தது. முதலாளி லைட்டரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் தடுமாறினார். கடைசியில் பையில் போட்டுக்கொண்டு, வாய் பிளந்த ஷூக்களைத் தானே எடுத்து அட்டையைப் பிய்க்க ஆரம்பித்தார். ரயில் பழைய பசையைச் சுரண்டி, தோலை முள்பிரஷ்ஷால் சொரசொரப்பாக்கி, திரும்பத் தடவினார். பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். நாத்தனார் கதை பாதியில் இருந்தபோது சின்னவள் எழுந்து போய்ப் புறவிரலால் தொட்டாள்.

"இன்னும் கொஞ்சம்ணே."

கதை தொடர்ந்தது. மறுபடி தொட்டாள். "இப்ப வாங்க!"

அவர் எழுந்தார். ஒவ்வொரு ஜோடியாகச் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்றி, சுத்தியால் தட்டி, அழுத்துமிஷினில் ஏற்றினார். அந்த வேலையை அவரைப்போலச் செய்ய அங்கே ஆள் இல்லை. அடுத்த நாள் முதலாளி எல்லாவற்றையும் வளைத்துப் பார்த்தார். முறுக்கியும் பார்த்தார். ஒன்றும் வாய் திறக்கவில்லை. "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அதன் பிறகு ஆசையே வரவில்லை என்று சொன்னால் பொய். மழை நாட்களில் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். அப்போது அவர் மறைக்க மாட்டார். "வருது" என்பார் சத்தமாக. "வரட்டும், டிக்கெட் இல்லாம ஏத்தாதே" என்பாள் மிஷின் அக்கா. யாராவது ஒருவர் எதையாவது பேச ஆரம்பிப்பார். பசை காய்வதற்குள் ஆசையும் போய்விடும்.

புண் ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கி வந்தது. கட்டு போய், வெறும் சாக்ஸ் போடும் நிலைக்கு வந்தது.

ஒரு நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்ப சாக்ஸை மாட்டும்போது வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டாள்.

"புது சாக்ஸ்! அதுக்குள்ள விரல் பக்கம் ஓட்டையா? என்னத்தை வெச்சுக் கிழிச்சீங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"காலைக் காட்டுங்க."

அவள் குனிந்து சாக்ஸை உருவினாள். இடது பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் வெதுவெதுவென்று இருந்தது. புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு. அதற்குமேல், இத்தனை மாதமும் வளராமல் செத்துக் கிடந்த நகம், விரலைத் தாண்டிக் கூராக நீண்டிருந்தது.

அவள் எழுந்து போய் நகவெட்டியோடு வந்தாள். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "நீட்டுங்க" என்றாள்.

அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இப்ப வேணாம். சாயங்காலம் வெட்டு."

"ஏன்?"

"பட்டறையில அவங்களுக்குக் காட்டணும்."

"நகத்தையா?"

"பின்ன? நகத்தைத்தான்" என்று சொல்லி, அந்த ஓட்டை சாக்ஸையே பத்திரமாக மாட்டிக்கொண்டார்.