மூன்றரை அடிக் கம்பு

மைதானத்தில் அவனுக்கு வைத்த பெயர் அங்குலம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நாட்டின் பெரிய டென்னிஸ் மைதானத்தில் பதினேழு வருடமாக வலை கட்டுவது அவன் வேலை. பதினேழு வருடமும் அவன் தற்காலிகப் பணியாளன். 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு டென்னிஸ் சங்கத்தின் கோட்டு மாட்டிய நிர்வாகிகள் என்ன பொருள் வைத்திருந்தார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

வலை கட்டுவதைத் துணி காயப்போடக் கொடி கட்டுவது போல நினைப்பவர்கள் உண்டு. சங்கத்தின் செயலாளர் அவர்களில் முதல் ஆள். உண்மையில் வலை நடுவில் மூன்று அடி, ஓரத்தில் மூன்றரை அடி இருக்க வேண்டும். இரட்டையர் ஆட்டத்துக்குக் களம் அகலம் என்பதால் தூண்கள் தள்ளி நிற்கும். ஒற்றையர் ஆட்டத்துக்குக் களம் குறுகிவிடும். அப்போது பக்கத்துக்கு ஒரு கம்பு கொடுத்து, வலையைத் தூணுக்கு உட்பக்கமாகவே தூக்கி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கோட்டோரத்தில் வலை தாழ்ந்துபோகும். அந்தக் கம்பின் உயரமும் மூன்றரை அடிதான். அங்குலம் அவற்றைத் தேக்கில் தன் கையாலேயே இழைத்திருந்தான். அவற்றை நிறுத்துவதற்கு முன்னால் தினமும் அளப்பான்.

"நேத்து அளந்ததுதானேப்பா? ஒரே நாள்ல வளர்ந்துடுமா?" என்று புல் வெட்டுகிறவர் கேட்பார்.

"வளராது. ஆனா இங்க மனுஷங்க நடமாட்டம் இருக்கே" என்பான்.

அவனும் அக்காவும் நான்காவது மாடியில் குடியிருந்தார்கள். ஓர் அறை, அதில் பாதியைத் தடுத்துச் சமையல். அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி இரண்டு முட்டியும் போய்விட்டன. வீட்டுக்கு நாற்பத்தெட்டுப் படிகள். இருபதாவது படியில் ஒரு தடவை உட்காருவாள், முப்பத்தாறாவது படியில் இன்னொரு தடவை. மைதானத்துக்குப் பின்னால் நிரந்தரப் பணியாளர்களுக்குத் தரைத்தளத்தில் வீடுகள் இருந்தன. அவற்றில் இரண்டு காலியாகக் கிடந்தன. அங்குலத்துக்கு நிரந்தர ஆர்டர் வேண்டியதே அந்த வீட்டுக்காகத்தான். வேறு எதற்கும் அவன் செயலாளர் முன்னால் போய் நின்றதில்லை.

செயலாளர் மட்டையைப் பிடித்த நாள் ஒன்று உண்டு. புகைப்படத்துக்காகப் பிடித்தார், தலைகீழாக. ஆனாலும் இரண்டு நாடுகள் மோதும் ஆண்கள் அணிப் போட்டி அந்த வருடம் நம் மைதானத்துக்கு வந்தபோது, அதைத் தானே பெற்றெடுத்தது போல நடந்துகொண்டார். கெட்டி அட்டையில் அழைப்பிதழ் அடித்தார். ஆட்டக்காரர்கள் நான்கு பேரும் தீப்பெட்டி அளவில் ஓரமாக நிற்க, நடுவில் செயலாளரின் முகம் மீசையோடு மலர்ந்திருந்தது. கோட்டின் மார்பில் தங்க நூல் சின்னம். அதை ஊதி ஊதித் துடைப்பதற்கென்றே ஒரு கைக்குட்டை.

போட்டி மூன்று நாள். வெள்ளிக்கிழமை இரண்டு ஒற்றையர், சனிக்கிழமை ஓர் இரட்டையர், ஞாயிற்றுக்கிழமை மறுபடி இரண்டு ஒற்றையர். ஐந்தில் மூன்றை ஜெயித்த நாடு அடுத்த சுற்றுக்குப் போகும். வெள்ளியன்று ஆளுக்கு ஒன்று. சனியன்று நம் இரட்டையர் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே தோற்றார்கள். ஞாயிறு முதல் ஆட்டமும் போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்குலம் கம்புகளை எடுத்து அளந்தான். மறுபடி அளந்தான். டேப்பைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் அளந்தான். இரண்டு கம்புகளிலும் அடிப்பக்கம் ஒன்றரை அங்குலம் காணவில்லை. வெட்டு முகம் வெளிறி, புத்தம் புதிதாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கம்பை யார் அறுத்தது?"

"நான்தான்பா. செயலாளர் சொன்னாரு. நேத்து அவரோட பாராட்டு விழாவுக்கு மேடை முன்னாடி பேனர் கட்டணும்னாங்க, ஸ்டோர்ல இந்த ரெண்டும்தான் இருந்துச்சு. கட்டினா, டிவி காமிராவுல அவர் முகத்துல பாதி தெரியலையாம். ரெண்டு விரல் அறுன்னாரு, அறுத்தேன்."

"அறுத்ததுக்கு அப்புறம் தெரிஞ்சுதா?"

"மீசை வரைக்கும் தெரிஞ்சுது."

அங்குலம் செயலாளரைத் தேடிப் போனான். அவர் விருந்தினர் அறையில் கண்ணாடி முன்னால் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சார், கம்பு ஒன்றரை அங்குலம் குட்டையாயிடுச்சு. ஆட்டம் பத்து மணிக்கு."

"குட்டையானா என்னய்யா? நெட் கொஞ்சம் கீழ இறங்கும். நம்ம பையனுக்கு நல்லதுதானே? அவன் கோட்டை ஒட்டி அடிக்கிறவன். பந்து ஓரமாத்தான் போகும்."

"அந்த நாட்டுப் பையனுக்கும் அதே நெட்தான் சார்."

செயலாளரின் கை டையிலேயே நின்றது. அப்படி ஒரு கோணம் இருக்கிறதென்பது அவருக்கு அதுவரை தோன்றவில்லை. தோன்றாததை ஒப்புக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை. கோட்டின் உள்பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து, அதன் முனையை மட்டும் காட்டினார்.

"இது என்ன தெரியுதா? உன் ஆர்டர். கையெழுத்துப் போட்டாச்சு. சாயங்காலம் உன் கைக்கு வரணும்னா, அந்தக் கம்பை அப்படியே கொண்டுபோய் வை. நாட்டுப்பற்று வேணும்யா மனுஷனுக்கு."

அங்குலம் கவரைப் பார்த்தான். வெறும் கவரல்ல அது. பின்பக்கத் தரைத்தள வீடு, வாசலிலேயே குழாய், படியே கிடையாது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தான். எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

வெட்டிய துண்டுகளைத் தேடினான். ஒன்று ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முட்டுக்கொடுத்திருந்தது. இன்னொன்று விருந்தினர் கழிப்பறைக் கதவுக்கு ஆப்பாக இருந்தது. இரண்டையும் கழுவித் துடைத்து, கம்போடு வைத்து அளந்தான். இப்போதும் ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, குறைந்தது. ரம்பம் தின்ற தூள் எங்கே கிடைக்கும்? வேறொருவன் என்றால் அந்த ஒரு நூலை விட்டிருப்பான். அங்குலம் சுற்றும் முற்றும் பார்த்தான். குப்பைக்கூடையில் மீந்துபோன அழைப்பிதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நல்ல கெட்டி அட்டை. நான்கு மடிப்பு வைத்தால் அளவு கச்சிதமாக வந்தது. செயலாளரின் முகத்தை நான்காக மடித்து நடுவில் கொடுத்து, பசை தடவி, அடியிலிருந்து நீள ஸ்க்ரூ இரண்டு இரண்டாக முடுக்கினான். அந்த முகம் ஒரு பாரத்தைத் தாங்கியது அன்றுதான் முதல் தடவை.

ஒன்பதரைக்கு வலை நின்றது. மூன்றாம் நாட்டிலிருந்து வந்திருந்த தலைமை நடுவர், ஒல்லியான அம்மாள், குனிந்து அளந்து பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போனார். மேடையிலிருந்து செயலாளர் சைகையில் கேட்டார், வைத்தாயிற்றா என்று. வைத்தாயிற்று என்று அங்குலமும் சைகை செய்தான். செயலாளர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கண்ணடித்தார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நம் ஆள் ஆறுக்கு ஒன்று, ஆறுக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று என்று மூன்று செட்டையும் கொடுத்தான். ஒரு மணி இருபது நிமிடம், அதில் பாதி வியர்வை துடைக்கப் போனது. கோட்டை ஒட்டி அடிக்கிறவன் என்றார்களே, அவன் அடித்தது கோட்டுக்கு ஒரு முழம் வெளியே விழுந்தது, அல்லது வலைக்கு நட்டநடுவில் போய் முட்டியது. ஒன்றரை அங்குலம் என்ன, வலையையே கழற்றி வைத்திருந்தாலும் தோற்றிருப்பான். ஆட்டம் முழுவதிலும் கம்போரத்தில் வலையின் உச்சியில் பட்டுத் திரும்பியது ஒரே ஒரு பந்து. அது எதிர்நாட்டுக்காரன் அடித்தது. நம் ஆளுக்குக் கிடைத்த சொற்பப் புள்ளிகளில் அது ஒன்று. குட்டைக் கம்பாக இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் களத்துக்குள் இறங்கி வந்தார். தோல்விக்கு யாரையாவது பிடிக்க வேண்டியிருந்தது. கம்பை உற்றுப் பார்த்தார். அடியில் இணைப்பிலிருந்து அழைப்பிதழின் விளிம்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. அதில் பாதி மீசை.

"இது என்னய்யா?"

"நீங்கதான் சார்."

புதன்கிழமை விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து கோட்டுகள். அவற்றுக்குள் ஆட்கள் இருந்தார்கள் என்பது தேநீர் குடித்தபோதுதான் தெரிந்தது.

"செயலாளர் சொன்னது உன் காதுல விழுந்துச்சா, இல்லையா?" என்று பொருளாளர் ஆரம்பித்தார்.

"விழுந்துச்சு. செய்யல."

"ஏன் செய்யல?"

"மூணரை அடின்னு விதிப் புத்தகத்துல போட்டிருக்கு சார்."

"எந்தப் புத்தகத்துல?"

"உங்க டீ கப்புக்கு அடியில வெச்சிருக்கீங்களே, அந்தப் புத்தகத்துல."

பொருளாளர் கப்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அதே இடத்தில் வைத்தார். கம்பு நடுமேசையில்தான் கிடந்தது. ஐவரில் ஒருவருக்கும் டேப்பை எடுத்து அளந்து பார்க்கத் தோன்றவில்லை. வேலையை விட்டு நிறுத்துவதென்று முடிவாகி, காரணத்தைச் செயலாளர் தானே ஒரு சீட்டில் கிறுக்கித் தட்டச்சு செய்யும் பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதைப் படித்துவிட்டு அங்குலத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடித்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா முப்பத்தாறாவது படியில் உட்கார்ந்திருந்தபோது அவன் கீழேயிருந்து ஏறி வந்தான். கையில் கவர்.

"ஆர்டரா?"

"வேற ஆர்டர்." அவளுக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னான். ஒன்றையும் விடவில்லை. "வீடு போச்சுக்கா" என்று முடித்தான்.

அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அந்தாளு மூஞ்சிய மடிச்சா வெச்ச?"

"நாலா."

அவள் சிரித்த சிரிப்பில் மூன்றாம் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். "போடா. குட்டைக் கம்பு வெச்சு வாங்கின வீட்டுல எனக்குத் தலை இடிக்கும். எங்க, படி பார்ப்போம்."

அவன் கடிதத்தைப் பிரித்துப் படித்தான். 'மேற்படி தற்காலிகப் பணியாளர், செயலாளரின் அனுமதியின்றி, ஒற்றையர் கம்புகளை விதிப்படியான உயரமாகிய மூன்று அடி ஐந்து அங்குலத்துக்கு மாற்றி அமைத்ததால்...' அங்கேயே நின்றான். முகம் சிவந்தது. வேலை போனபோதுகூட அப்படிச் சிவக்கவில்லை.

"அஞ்சாம்! சீட்டுல மூணு புள்ளி அஞ்சுன்னு எழுதியிருப்பான். மூணரை அடின்னா மூணு அடி ஆறு அங்குலம்னுகூடத் தெரியாதவன் ஒரு செயலாளர்! இதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? நான் ஒரு அங்குலம் குறைச்சு வெச்சேன்னுதானே?"

"வேலையே போச்சு, ஆறு என்ன, அஞ்சு என்னடா?"

"நான் வெச்சது ஆறுக்கா."

மறுநாள் காலை சங்க அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றான். வேலையைத் திரும்பக் கேட்டுக் கெஞ்ச வந்திருக்கிறான் என்று நினைத்த செயலாளர், ஒன்றரை மணி நேரம் காக்க வைத்த பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து உள்ளே கூப்பிட்டார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு சார். அஞ்சு இல்ல, ஆறு. திருத்திக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

செயலாளர் ஏமாற்றத்தோடு பேனாவை எடுத்தார். ஐந்தை அடித்து மேலே ஆறு என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல மற்ற வரிகளைப் படிக்கவில்லை.

"இதை வெச்சுக்கிட்டு என்னய்யா பண்ணப்போற?"

"வேற மைதானத்துல வேலை கேக்கும்போது காட்டுவேன் சார்."

காட்டினான். ஒரு கல்லூரி மைதானத்தில் படித்துவிட்டு, திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள். அங்கேயும் முதலில் தற்காலிகம்தான், தரைத்தள வீடும் கிடையாது. அக்கா இன்னும் நாற்பத்தெட்டுப் படி ஏறுகிறாள், இரண்டு இடத்தில் உட்காருகிறாள். ஏறி வந்தால் எதிரே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தக் கடிதம் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறாள். ஆறு என்ற இடம் வந்ததும் விரலை வைத்து, அங்கே இருக்கும் கையெழுத்து யாருடையது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உட்காரச் சொல்கிறாள்.