போய் வந்த சாம்பல் குஞ்சு

மருமகள் சின்ன வெங்காயத்தோடு சீரகமும் மஞ்சளும் வைத்து நசுக்கினாள். அந்த வாசத்தில், எருமப்பட்டிக்குத் தெற்கே தோட்டத்து நடுவில் நாங்கள் குடியிருந்த ஓலைச்சாளை என் கண்ணில் எழுந்து நின்றது. இன்று அந்த இடத்தில் கோழிப்பண்ணைக் கொட்டகைகள்தான் நீண்டு கிடக்கின்றன.

குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் கண்டால் அம்மா இதையேதான் கீழாநெல்லியோடு அரைத்து, அலகைப் பிரித்து ஊட்டுவாள். என் அம்மாவின் கைமருந்துக்கு அந்தப் பக்கத்தில் ஈடு கிடையாது. ஆனாலும் ஒரு சாயங்காலம், நான் பொத்திப் பொத்தி வளர்த்த சாம்பல் குஞ்சு, மருந்து இறங்காமல் கழுத்து தொங்கிக் கிடந்தது. அம்மா அதன்மேல் பித்தளைப் போசியைக் கவிழ்த்து, கரண்டிக்காம்பால் மெல்லத் தட்டினாள்.

"செத்ததுக்கு மேளங் கொட்டறயா?" என்றார் அப்பா.

"சும்மா இருங்க. தூரம் போயிருக்காது. சத்தங் கேட்டாத் திரும்பிரும்."

தட்டித் தட்டி, வெகுநேரம் கழித்துப் போசியைத் தூக்கினாள். குஞ்சு எழுந்து நின்றுகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்த் தாய்க்கோழியிடம் விட்டேன். அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தித் துரத்தியது.

"ஏம்மா, சேத்துக்க மாட்டேங்குது?"

அம்மா போசியை நிமிர்த்தி வைத்தாள். "போனது அதோட குஞ்சு, சாமி. வந்தது எதுன்னு அதுக்குத்தான் தெரியும்."

மற்றவை இறக்கைக்குள் அடங்கிய பிறகும், சாம்பல் குஞ்சு ஆளில்லாத பனங்காட்டைப் பார்த்தபடியே நின்றது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல், கீச்கீச்சென்று பதில் கொடுத்துக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தது. நான் பிடிக்கப் போகவில்லை.