கிளிப் விழும் பக்கம்

மூன்றாவது தாளில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

தன் நாவலைக் கொடுத்துவிட்டு எதிரே பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். படிப்பவர் உட்கார்ந்தால் அந்த அறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மற்றவர்கள் உட்கார்ந்து படிப்பார்கள், அலுத்தால் எழுந்து போவார்கள். இவர் நின்று படிப்பார், அலுத்தால் உட்காருவார். உட்கார்ந்ததும் இழுப்பறையிலிருந்து துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து, எந்தத் தாளில் கால் சோர்ந்ததோ அந்தத் தாளில் மாட்டி, பிரதிக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"அடுத்த அத்தியாயத்துலேருந்து சூடு பிடிக்கும் மேடம்," என்றார் அதிகாரி.

"அப்ப அதுலேருந்தே ஆரம்பிச்சிருக்கலாமே சார். என்னை எதுக்கு ஆறின அடுப்புகிட்ட நிக்க வெச்சீங்க?"

எழுதுபவர்கள் மத்தியில் அவர் பெயர் கிளிப் அக்கா. நாவல் எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவே நிற்கும் ஏஜென்ட். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டால் அதைப் புத்தகமாகப் பார்க்கும் வரை பதிப்பாளர்களைத் தூங்கவிட மாட்டார். பிரதிகள் பெரும்பாலும் தபாலில் வரும். வியாழக்கிழமை காலையில் மட்டும், துணிச்சல் உள்ளவர்கள் நேரில் கொடுத்துவிட்டு எதிரிலேயே காத்திருக்கலாம்.

"ரெண்டு எழுத்தாளங்க ரோட்டுல பாத்துக்கிட்டா சாப்பிட்டீங்களான்னு கேக்க மாட்டாங்க. 'உங்களுக்கு எந்தப் பக்கத்துல உக்காந்தாங்க?'ன்னுதான் கேப்பாங்க," என்றார் அவருடைய தம்பி. தம்பி என்றாலும் பேரன் எடுத்தவர். தலையில் பேருக்குக்கூட முடி இல்லை. கணக்கும் டீயும் அவர் பொறுப்பு. அக்காவுக்கு அவர் இன்னமும் 'டேய்'தான்.

நான் உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கம்பியை இயந்திரத்தில் மாட்டி இழுப்போம். எங்கே அறுகிறது என்று குறிப்போம். அதைச் செய்தவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது சோதனையில் சேராது. முதல் தடவை அந்த அறைக்குள் போனபோது என் ஆய்வகத்துக்குள் நுழைந்தது போல இருந்தது. இங்கே இயந்திரத்தின் இடத்தில் ரப்பர் செருப்பு போட்ட, அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி நின்றார்.

ஜன்னலோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேசை. வலப்பக்கம் படிக்க வேண்டிய கட்டு, இடப்பக்கம் படித்த தாள்கள், கவிழ்த்தபடி. கண்ணை எடுக்காமல் இடது கையால் முடித்த தாளைக் கவிழ்ப்பார். அதே நேரம் வலது கை தானாகப் போய் அடுத்த தாளை எடுத்து வரும். கைகள் தடுமாறி நான் பார்த்ததில்லை. எங்கள் ஆய்வகத்தில் அவ்வளவு சீராக ஓடும் இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் மாதம் ஒருமுறை எண்ணெய் போட வேண்டும்.

ஏன் நின்று படிக்கிறார் என்று கேட்டேன்.

"புத்தகக் கடையில வேலை பாத்தவம்மா நான். இந்தத் தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடி பாதி ஆயுசு அங்கதான். அலமாரிகிட்ட எவனுக்கும் நாற்காலி போட மாட்டாங்க. ஒரு பக்கம் புரட்டுவான், ரெண்டாவது பக்கம் புரட்டுவான். கால் வலிக்குதுன்னு எப்ப அவனுக்குத் தெரியுதோ, அப்ப வெச்சுட்டுப் போயிடுவான். நல்ல புத்தகம்னா கால் இருக்கறதே மறந்துடும். நானும் அவன் மாதிரிதான் நிக்கணும். நான் சொகுசா உக்காந்து படிச்சுட்டு, நல்லாருக்குன்னு சொன்னா அது பொய்."

அதற்குப் பிறகு நான் எல்லோரையும் போல அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முகத்தில் ஒன்றும் தெரியாது. காலைப் பார்க்க வேண்டும். சலிப்புத் தட்டினால் உடல் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும். பிடித்துவிட்டால் இடது செருப்பு கழன்றுவிடும். அது கழன்றது அவருக்கே தெரியாது. ஒருமுறை ஒரு நாவலைக் காலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நின்றே முடித்தாராம். கால் வீங்கி, மறுநாள் செருப்பே போட முடியவில்லையாம். "டீ மூணு தடவ ஆறிப்போச்சு. நான்தான் குடிச்சேன்," என்றார் தம்பி. அந்த நாவல் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதை எழுதியவர் ஒரு பேருந்து நடத்துநர்.

எழுதியவர்கள் என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். தங்க எழுத்து அட்டை போட்டுத் தைத்துக் கொண்டுவருகிறார்கள். அவர் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துத் தாளாக்கிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் படித்துவிட்டு அழுதார் என்பார்கள். "அவருக்கு வேற என்ன கஷ்டமோ," என்பார். பக்க எண் போடாமல் ஒருவர் கொடுத்த பிரதி காற்றில் பறந்து அறை முழுக்கச் சிதறியது. கைக்கு வந்த வரிசையில் பொறுக்கி, அதே வரிசையில் படித்தார். "வித்தியாசமே தெரியலீங்க. நம்பர் போடாதது கூட தப்பில்ல, இதுதான் தப்பு," என்று கிளிப்பை மாட்டினார். அந்த மனிதர் முதலில் கோபப்பட்டார். அப்புறம் சிரித்துவிட்டார். அடுத்த மாதம் வேறொரு பிரதியோடு வந்தார், பக்க எண்களோடு.

கூடவரும் கடிதத்தை அவர் முதலில் பார்ப்பதே இல்லை. மடித்தபடியே கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்துவிடுவார். "நீங்க யாருங்கறத அப்புறம் பாத்துக்கறேன். முதல்ல இது யாருன்னு பாக்கறேன்."

இன்னொரு விதியும் உண்டு. முடிக்காத நாவலைக் கொண்டுவரக் கூடாது. "பாதிப் பாலத்துல ஏத்திவிட்டுட்டு நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவீங்க. நடந்தவ என்ன ஆறது?"

என் பையில் இருந்தது முடியாத நாவல்.

அம்மா எழுதியது. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவாள், என்னிடம் கொடுப்பாள், நான் தட்டச்சு செய்வேன். நன்றாக இருக்கிறது என்பேன். "நீ சொல்றது கணக்குல வராதுடி," என்பாள். மருத்துவமனையில் கடைசியாகத் தெளிவாகப் பேசியதும் இதைப் பற்றித்தான். "யாராவது தெரியாத ஆளு படிக்கட்டும். என்ன சொன்னாங்கன்னு கேட்டு வை." கதையின் முடிவை அவள் எழுதவில்லை, என்னிடம் சொல்லவும் இல்லை.

அந்தப் பையோடு பல வியாழக்கிழமைகள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அம்மாவுக்குக் கிளிப் விழுவதைப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

"இன்னைக்காவது குடுப்பீங்களா, இல்ல டீக்குத்தான் வந்தீங்களாம்மா?" என்றார் தம்பி ஒருநாள்.

கொடுத்தேன். கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்: இது முழுமையடையாத பிரதி, எழுதியவர் காலமாகிவிட்டார். கடிதம் நேராகக் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் போனது.

"மேடம், இதுல ஒண்ணு முதல்லயே சொல்லணும்..."

"சொல்லாதீங்க."

"இல்ல, இது எங்க அம்மா..."

"கடையில ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் போய் நின்னு சொல்லப் போறீங்களா? உக்காருங்கம்மா. டேய், இவங்களுக்கு டீ குடு."

அம்மாவின் நாவல் இப்படித் தொடங்கும்: 'அன்று காலை வந்த முதல் அழைப்பில் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் வந்தது.' இணைப்பகத்தில் இருக்கும் பெண், தினமும் அதே நேரத்தில் வரும் அந்த மூச்சு யாருடையது என்று தேடிப் போகும் கதை.

முதல் தாள் கவிழ்ந்தது. இரண்டாவது. சுங்க அதிகாரியின் பிரதியில் கிளிப் அக்கா உட்கார்ந்துவிட்ட மூன்றாவதும் கவிழ்ந்தது. நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் எடை வலது காலுக்கு மாறியது. எனக்குத் தெரியும், அம்மா இணைப்புப் பலகையை வர்ணிக்கும் இடம் அது. நீளம் என்று நானே சொல்லியிருக்கிறேன். இருக்கட்டும் என்றாள். அவருடைய ஒரு கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது. தம்பி இழுப்பறையைப் பார்த்தார்.

பிறகு கை நாற்காலியை விட்டது.

எப்போது என்று தெரியவில்லை, இடது செருப்பு கழன்று கிடந்தது. அவர் வெறுங்காலைத் தரையில் ஊன்றி நின்றார். தொலைபேசி அடித்து ஓய்ந்தது. காத்திருந்த மற்ற இருவரைத் தம்பி சைகையால் அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார். வெயில் மேசையிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. டீயைத் தம்பி குடித்துவிட்டார். ஓர் இடத்தில் படித்தபடியே அவர் லேசாகச் சிரித்தார். அம்மா தன் மேலதிகாரியைக் கிண்டல் செய்யும் இடமாக இருக்க வேண்டும். இதை எழுதும்போது அவள் சிரித்ததும் இந்த அளவுதான்.

அம்மா போன பிறகு யாராவது அவளைப் பற்றிப் பேசினால், முடிந்துபோன ஒருத்தியைப் பற்றித்தான் பேசினார்கள். இங்கே முன்பின் தெரியாத ஒருவர் கால் வலியை மறந்து அவள் பின்னால் போய்க்கொண்டிருந்தார். வலப்பக்கக் கட்டு இளைத்துக்கொண்டே வந்தது. பாலம் எங்கே நின்றுவிடுகிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசித் தாளை எடுத்தார். அதில் பாதிதான் எழுத்து. கதாநாயகி அந்த மூச்சு வரும் வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறாள். படியேறுகிறாள், தட்டுகிறாள். கடைசி வரி இது: 'கதவு திறந்தது. உள்ளே நின்றவர்'

அதற்கு மேல் அம்மா எழுதவில்லை.

அவர் கண் தாளைவிட்டு அகலவில்லை. வலது கை எப்போதும் போலத் தானாக மேசைக்குப் போனது. வெறும் பலகையைத் தொட்டது. கொஞ்சம் தள்ளித் தொட்டது. பிறகு விரல்களை விரித்து, மேசையின் ஓரம் வரை, மெதுவாகத் தடவிக்கொண்டே போனது.