பூட்டிக் கிடக்கும் நாலு பக்கம்

எங்கள் தெருவில் பெரிய கிடாரம் ஒன்றே ஒன்றுதான். அதை வாங்கியது எங்கள் அப்பா. கலியாண வீடோ செத்த வீடோ, சோறாக்க அது வீடு வீடாகப் போய்வரும். கிடாரம் செய்தவன் வந்து, இதில் ஏன் அடுத்த வீட்டுச் சோறு வெந்தது என்று இதுவரை கேட்டதில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் நான் காசு கட்டி எடுத்த, புத்தகம் வடிவமைக்கும் மென்பொருளையும் கொடுத்துத் தொலைத்தேன். தேற்றாத்தீவில் இருக்கும் மச்சான் கோயில் சடங்குக்கு நோட்டீஸ் அடிக்கக் கேட்டான். லைசன்ஸ் இலக்கத்தைச் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

அந்த வாரம், செத்துப்போன அத்தானின் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலருக்கு அக்கா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து முடித்திருந்தேன். அத்தான் வாவியில் இறால் பிடித்தவர். அக்கா லேசில் வாய் திறக்காதவள். ஒரு நாள் பின்னேரம் முழுக்க அழுதழுது சொன்னாள். நாலு பக்கம் வந்தது. அவருடைய கோபம், வலை பின்னும்போது முணுமுணுக்கிற பாட்டு, இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் வைத்த உப்பில்லாத சொதி, எல்லாம் இருந்தது. கணினியில் இருக்கிறதே என்ற தெம்பில் கடதாசியில் ஒரு வரிகூட நான் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் திறந்தால் திறக்கவில்லை. ஒரு லைசன்ஸை இரண்டு கணினியில் பாவித்தேனாம், நிறுத்திவிட்டார்களாம். கம்பனிக்கு போன் எடுத்தேன்.

"நான் வாங்கின சாமான் தம்பி இது."

"நீங்க வாங்கல்ல மிஸ். பாவிக்கத்தான் அனுமதி குடுத்திருக்கம். ஒப்பந்தத்துக்கு ஓமெண்டு அமத்தியிருக்கீங்க."

"நான் எழுதினது உள்ளுக்க கிடக்கு. அதையாவது தாங்களன்."

"முறைப்பாட்டப் பாக்க ஒரு மாசம் எடுக்கும்."

முப்பத்தோராம் நாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அந்த ஒப்பந்தத்தை உலகத்தில் எவன் முழுக்க வாசித்திருக்கிறான்? வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வைத்தேன்.

ஏறாவூரில் கணினி திருத்தும் முஸ்லிம் நானா ஒருவர் கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் போட்டுத் தந்தார். "இத ஆருக்கும் குடுங்க, எத்தின மெஷின்லயும் போடுங்க. உள்ளுக்க பிரிச்சி மாத்தினாலும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க" என்றார். இதல்லவா கிடாரம்! ஆனால் என் பழைய கோப்பு அதிலும் திறக்கவில்லை. தன் கோப்பை எப்படிப் படிப்பது என்று அந்தக் கம்பனி வெளியில் ஒருவருக்கும் சொல்வதில்லையாம். நானா உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அழுகை வந்தது.

மறுபடி அக்கா முன்னால் போய் உட்கார்ந்தேன். சொதிக் கதையை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"ஒருக்காச் சொன்னதே பெரிய காரியம். நல்ல மனிசன் எண்டு போடு புள்ள, போதும்."

அது மட்டும்தான் மலரில் வந்தது. முப்பத்தோராம் நாள் மலரை வாங்கிய சொந்தக்காரர் ஒருவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"முப்பது வருசம் சீவிச்ச பொஞ்சாதிக்குச் சொல்ல இவ்வளவுதானா இருந்த?"

நான் கிடாரத்தடியில் அகப்பையோடு நின்றேன். அக்காவுக்கும் அது கேட்டது.