திராட்சைத் தோட்டத்தில் எடுத்த போட்டோ

இரண்டு வருடங்களுக்கு முன்பு மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தேன். பேரன் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, நான் ஊர் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. நடந்தது அங்கே. அதற்குத் தண்டனை கிடைத்தது இங்கே, கேரளத்தில் பாறசாலைக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில். ஆறப் போட்டு எழுதலாம் என்றுதான் இவ்வளவு நாள் காத்திருந்தேன். ஆறவில்லை, அதனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெய்யாற்றின்கரையில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். குடும்பம் பழைய மிஷன் காலத்துச் சபையைச் சேர்ந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்து எங்களுக்கு. அதற்கு வேண்டிய திராட்சை ரசத்தைப் பல வருடங்களாக நான்தான் செய்து கொடுத்து வந்தேன். எங்கள் சபையில் புளித்த ரசம் வைப்பதில்லை. சனிக்கிழமை மதியமே கடையை அடைத்துவிட்டு, கறுப்புத் திராட்சை வாங்கி வந்து, உப்புத் தண்ணீரில் அலசி, தோலும் கொட்டையுமாக வேகவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுவேன். அவசரப்பட்டு முறுக்கிப் பிழிந்தால் கொட்டையின் கசப்பு இறங்கிவிடும். தானாக வடியும்வரை காத்திருக்க வேண்டும். என் வீட்டு அடுப்பில் வெந்தது மறுநாள் சபை முழுவதும் முழங்காலிட்டு வாங்கும் கிண்ணத்தில் இருக்கும். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

மகள் இருப்பது உயரமான மேட்டு நிலத்தில் இருக்கும் பாலைவனம். பாலைவனம் என்றதும் மணலும் ஒட்டகமும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அங்கே இருந்தது மொட்டை மலைகளும் முள்ளுச் செடிகளும்தான். பகலில் தோலைப் பொசுக்கும் வெயில், பொழுது சாய்ந்தால் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலில் நிற்க முடியாத குளிர். நம் பக்கத்தில் துணி காயவில்லையே என்று புலம்புவோம். அங்கே நனைந்த துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. இந்த இடத்தில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது என்று மகள் சொன்னபோது என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். சபைக்கு ரசம் செய்கிறவள் அதைப் பார்க்காமல் ஊருக்குப் போகக் கூடாது என்று வம்படியாகக் காரில் ஏற்றினாள்.

போய்ப் பார்த்தால் உண்மைதான். புழுதி பறக்கும் மண்ணில் வரிசை வரிசையாகக் கொடிகள். ஒவ்வொன்றின் காலடியிலும் கறுப்புக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பழம் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். வாயில் போட்டால் தோல் தடிப்பு, ஆனால் அப்படியொரு இனிப்பு. தோட்டத்தின் சொந்தக்காரி ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. தலையில் அகலமான தொப்பி, கையெல்லாம் மண். பகல் சூடும் இரவுக் குளிரும்தான் பழத்துக்கு அந்த ருசியைக் கொடுக்கிறது என்றார். நான் ரசம் செய்யும் முறையை மகளிடம் சொல்லச் சொன்னேன். துணியை முறுக்கக் கூடாது என்ற இடத்தில் அந்த அம்மா என் தோளைத் தட்டிச் சிரித்தார். அவர்களும் கொட்டை நசுங்காமல் பார்த்துக்கொள்வார்களாம்.

பிறகு அங்கே செய்யும் ஒயினை ருசி பார்க்க எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனார். நீளமான மர மேசை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தோட்டம் பார்க்க வந்தவர்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டில் சின்னச் சின்னதாக வெட்டிய ரொட்டித் துண்டுகள், பக்கத்தில் ஒரு கிளாஸில் கொஞ்சமாகச் சிவப்பு ஒயின்.

அப்போது நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. சேலை முந்தானையை எடுத்துத் தலையில் போட்டேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தேன். தலையைக் குனிந்து கண்ணை மூடினேன். அப்பமும் ரசமும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எங்கள் பெண்களின் கை தானாக முந்தானைக்குப் போய்விடும். சிறு வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டோம். அது ஒயின் விற்கும் இடம் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தும் கை போய்விட்டது, போன பிறகு ஜெபமும் வந்துவிட்டது. பேரனுக்காக ஜெபித்தேன்.

நடுவில் பாட்டு நின்றது. கண்ணைத் திறந்தபோது அந்த அம்மா தன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றி நின்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்திருந்தார்கள். பாட்டை நிறுத்தியது அவர்தான் என்று பிறகு மகள் சொன்னாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் முடித்துவிட்டேன் என்பதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மறுபடி பாட்டைப் போட்டார். மற்றவர்கள் ஒயினை வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு, அதற்கென்று வைத்திருந்த பாத்திரத்தில் துப்பினார்கள். எனக்கு அது முடியவில்லை. ஜெபம் செய்து வாயில் வைத்ததை எப்படித் துப்புவது? அந்த ஒரு மடக்கை விழுங்கிவிட்டு மீதியை மேசையில் வைத்துவிட்டேன். நான் அருந்தியது அவ்வளவுதான், அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

நான் கண் மூடி நின்ற நேரத்தில் மகள் ஒரு போட்டோ எடுத்திருக்கிறாள். அதை அப்பாவுக்கு அனுப்பினாள். என் வீட்டுக்காரருக்குக் கைப்பேசியில் எது வந்தாலும் ஊருக்கெல்லாம் பரிமாறியே ஆக வேண்டும். அமெரிக்கத் திராட்சைத் தோட்டத்தில் என் மனைவி என்று பெருமையாக எழுதி, சபை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்.

இது எதுவும் தெரியாமல் நான் ஊர் வந்து சேர்ந்தேன். அந்த வாரமே முதல் ஞாயிறு. பயணக் களைப்போடு சனிக்கிழமை திராட்சை வேகவைத்து, ஞாயிறு காலையில் பாட்டில்களோடு போனேன். இன்றைக்கு வேண்டாமாம் என்று ஆலயத்தில் வேலை பார்ப்பவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். ஆராதனை நடுவில் அறிவிப்பு வாசிக்க வந்த சபைச் செயலாளர், இனித் திருவிருந்துக்கான ரசம் கடையிலிருந்து வாங்கப்படும் என்றும், பரிசுத்த காரியங்களில் கை வைப்பவர்களுக்குச் சாட்சியுள்ள வாழ்க்கை, அதாவது நாலு பேர் குறை சொல்லாத நடத்தை, வேண்டும் என்றும் வாசித்தார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, சபையின் தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பிவிட்டன. மடியில் பாட்டில்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் வண்டிகள் நிற்கும் இடத்தில் அவரைப் பிடித்தேன். அவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதப் பாருங்கக்கா. கண்ணு ரெண்டும் சொருகிப் போச்சு. கையில கிளாஸ். தலை தொங்குது. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

"அது ஜெபம் ஆக்கும்" என்றேன்.

"பாரில நின்னா ஜெபம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு மடக்கு விழுங்கியதையும் நானே சொன்னேன். பொய் சொல்லி என் ஜெபத்தை நிரூபிக்க எனக்குத் தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டார்கள், அவளே ஒத்துக்கொண்டாள் என்று.

யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? இதே செயலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள், மண்டபத்துக்குப் பின்னால் நின்ற காரின் டிக்கியைத் திறப்பதும் மூடுவதுமாகக் சபைக் கமிட்டி ஆண்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். மறுநாள் அதே வாயால் கீர்த்தனை பாடினார்கள். அவர்கள் யாருடைய சாட்சியும் கெடவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக் கண்ணை மூடினவளுடைய சாட்சி மட்டும் கெட்டுவிட்டது. ஜெபம் செய்யும் பெண்ணின் முகத்தை வாராவாரம் பார்க்கிறவர்களுக்கு, அதே முகத்தைப் போட்டோவில் அடையாளம் தெரியவில்லை. கையில் கிளாஸ் இருந்தால் போதும், முகம் தேவையில்லை அவர்களுக்கு.

கடையிலும் மாற்றம் தெரிந்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் வாடை அடிக்கிறதா என்று என் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். வழக்கமாக வரும் ஒருத்தி, அவசரமில்லை என்று சொல்லி வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிப் போனாள். வீட்டுக்காரர் மட்டும், எல்லாம் தானாக அடங்கிவிடும், விட்டுத் தள்ளு என்றார். நீங்கள் அனுப்பின போட்டோவுக்கு நான் எதற்குத் தலைகுனிய வேண்டும் என்று கேட்டேன். அதன் பிறகு அவர் குட்மார்னிங்கூட யாருக்கும் அனுப்பவில்லை.

அடுத்த திருவிருந்துக்கு வேண்டுமென்றே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒளிந்துகொள்ள நான் என்ன செய்தேன்? முழங்காலிட்டு, கிண்ணத்தை வாங்கி வாயில் வைத்தேன். கடையில் விற்கும் ஸ்குவாஷைத் தண்ணீரில் கலக்கி வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் கொடுப்பார்களே, அதே நிறம், அதே சென்ட் வாசனை. திராட்சை என்பது பாட்டிலின் மேல் படமாக மட்டும்தான் இருந்திருக்கும். பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவர் முகம் சுளிப்பது தெரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் விழுங்கினேன். அந்த மேசையிலிருந்து வருவதை எங்கள் வாய் துப்பாது.

சில மாதங்கள் இப்படியே போயின. ஒருநாள் போதகரின் மனைவி கடைக்கு வந்தார். அவரை நாங்கள் கொச்சம்மா என்றுதான் கூப்பிடுவோம். ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று சொல்லிக் கையில் வைத்திருந்தாரே தவிர, பேச்சு வேறாக இருந்தது. ஸ்குவாஷைப் பற்றி எல்லோரும் குறை சொல்கிறார்களாம். போதகருக்கும் மனசு கேட்கவில்லையாம். ஆனால் கமிட்டியை எதிர்க்க அவரால் முடியாதாம்.

"அக்கா, நீங்க சனிக்கிழமை பொழுது போன பெறகு எங்க வீட்டுப் பின்வாசல் வழியா கொண்டு தந்திருங்க. ஆருக்கும் தெரியாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

நல்ல மனசோடு சொன்னார் என்பது தெரியும். ஆனாலும் எனக்குள் எரிந்தது.

"கொச்சம்மா, பின்வாசல் வழியா வந்தா அது கள்ளச்சாராயம் ஆக்கும். முன்வாசல் வழியா கேளுங்க, தாறேன். எந்த இடத்தில நின்னு என்னை வேண்டாம்னு வாசிச்சினுமோ, அதே இடத்தில நின்னு வாசிக்கட்டும்."

 ரவிக்கையை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதன் தையலைப் பிரித்து, பிடித்த இடத்தைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தேன். அதில் என் கோபத்தைக் காட்டவில்லை.

அவர் வீட்டில் என்ன பேசினாரோ தெரியாது. அடுத்த மாதத் திருவிருந்துக்கு முந்தின ஞாயிறு, செயலாளர் அதே இடத்தில் நின்று வாசித்தார். சகோதரி ஜெபித்துக்கொண்டிருந்த படத்தைக் கமிட்டி தவறாகப் புரிந்துகொண்டது, இனிப் பழையபடி அவரே ரசம் செய்வார் என்று ரயில் அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் வாசித்துவிட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்பு என்ற சொல் அந்த அறிவிப்பில் இல்லை. ஆனாலும் நல்ல பெயர் திரும்பி வந்ததே என்று அந்தச் சனிக்கிழமை மறுபடி திராட்சை வாங்கி வேகவைத்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டுக்காரர்கூட அப்படித்தான் சொல்கிறார். ஆனால் இப்போது ஆலயத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக் குனியும்போது, என் கண் முழுவதும் மூடுவதில்லை. யாராவது பார்க்கிறார்களா, யாராவது போட்டோ எடுக்கிறார்களா, என் தலை அதிகமாகத் தொங்குகிறதா என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்து நிற்கிறது. ஒயின் விற்கும் இடத்தில், முன்பின் தெரியாத ஒருத்தி எனக்காகப் பாட்டை நிறுத்தித் தொப்பியைக் கழற்றி நின்றபோது, நான் இந்த உலகத்தையே மறந்து ஜெபித்தேன். அந்த ஜெபத்தை என் சொந்தச் சபையில் முழங்காலிட்டு நிற்கும்போது இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.